சங்குக்குப் பிறகு

"ஒனக்கு லாபம் எங்கேருந்து வருது, சொல்லு பாப்போம்."

ராமலிங்கம் தன் பெண்டாட்டியிடம் இந்தக் கேள்வியைக் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். சுரங்க டவுன்ஷிப்பிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கியவன், ஸ்டாண்டைக்கூடச் சரியாகப் போடாமல் கேட்டான். காந்திமதி மறுநாள் கடைக்கு உளுந்து கழுவிக்கொண்டிருந்தாள். மந்தாரக்குப்பம் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் தள்ளுவண்டி போட்டு இட்லியும் பொங்கலும் வடையும் விற்கிறவளிடம், லாபம் வருகிறதா என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். பாதிப் பேர் வயிற்றெரிச்சலில் கேட்டார்கள். மீதிப் பேர் கைமாற்றுக் கேட்பதற்கு முன்னால் கேட்டார்கள். எங்கேயிருந்து வருகிறது என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை.

"உளுந்துலேருந்து வருது," என்றாள், கையை நிறுத்தாமல்.

"தப்பு."

"அப்ப அரிசிலேருந்து."

"அதுவும் தப்பு. அரிசி, உளுந்து, எண்ணெ எல்லாம் நீ இன்னா வெலைக்கு வாங்குனியோ அதே வெலையத்தான் இட்லிக்குள்ள கொண்டாந்து வைக்குது. கூடுதலா ஒரு பைசா குடுக்காது. கூடுதலா குடுக்கற சாமான் ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது."

"சட்னியா?"

ராமலிங்கம் சிரிக்கவில்லை. யூனியன் வகுப்புக்குப் போய்விட்டு வருகிற நாட்களில் அவனுக்குச் சிரிப்பு வராது. "மனுஷ உழைப்பு," என்றான். "நாகம்மாவோட உழைப்பு. அது இருட்டோட வருது. காலையில சொரங்கத்துச் சங்கு ஊதற வரைக்கும் அது செய்யற வேலையிலயே அதோட கூலி வந்துடுது. சங்குக்கு அப்பால அது சுடற வடை, தேய்க்கற பாத்திரம், அத்தினியும் ஒனக்கு சும்மா வருது. அதுக்குப் பேரு உபரி. நீ அத லாபம்னு சொல்லிகினு கெடக்கற."

"நான் சும்மா ஒக்காந்துகினா இருக்கறன்? மாவு ஆட்டறது யாரு, ஒங்க யூனியனா?"

"நீயும் ஒழைக்கற. இல்லன்னு யாரு சொன்னது? அதனாலதான் ஒன்ன முழு முதலாளின்னு சொல்லல. குட்டி முதலாளி."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கட்டினவன் வாயிலிருந்து அவளுக்கு எத்தனையோ பட்டப்பெயர் கிடைத்திருக்கிறது. முதலாளி என்று வந்தது இதுதான் முதல் தடவை. அதிலும் குட்டி.

ராமலிங்கம் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள். பெல்ட்டில் ஓடுகிற கரி சிந்திச் சிந்திக் கீழே குவியும். அதை மண்வெட்டியால் வாரி மறுபடியும் பெல்ட்டில் போடுவது அவன் வேலை. மீசை முளைத்த வயசில் உள்ளே போனவன். இப்போது மீசை நரைத்துவிட்டது; ஆள் இன்னும் கான்ட்ராக்ட்தான். அதே பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்று அதே தூசியைத் தின்கிற பர்மனன்ட் ஆளுக்குக் குவார்ட்டர்ஸ் உண்டு, குவார்ட்டர்ஸைச் சுற்றி மாமரம் உண்டு, பையனுக்குப் பெண் கொடுக்க வருகிறவர்கள் கூட்டம் உண்டு. இவனுக்கு மண்வெட்டி உண்டு. இந்தக் கோபத்தை ரொம்ப நாள் அவன் பிராந்திக் கடையில் கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருந்தான். யூனியன்காரர் சிவப்பிரகாசம் டவுன்ஷிப்பில் ஞாயிற்றுக்கிழமை தோறும் அரசியல் வகுப்பு நடத்த ஆரம்பித்ததும், அங்கே கொண்டுபோய்க் கொட்டினான். இரண்டில் இது தேவலை என்று காந்திமதியும் சந்தோஷப்பட்டாள். நாற்றமில்லாத வாயோடு வீட்டுக்கு வருகிற புருஷனுக்காகக் கம்யூனிசத்தை அவள் மனசார வாழ்த்தினாள்.

அவசரப்பட்டு வாழ்த்திவிட்டோம் என்று இப்போது பட்டது. அந்தக் கோடையில் கான்ட்ராக்ட் தொழிலாளர்கள் ஸ்ட்ரைக்கில் இறங்கியிருந்தார்கள். செய்கிற வேலை ஒன்றாக இருக்கும்போது கூலி ஏன் வேறாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான், காந்திமதியே பத்துப் பேரிடம் அதைச் சொல்லியிருக்கிறாள். ஆனால் ஸ்ட்ரைக் என்றால் ஆள் வீட்டில் இருப்பான் என்பதை அவள் யோசிக்கவில்லை. காலையில் பந்தலுக்குப் போய்க் கோஷம் போட்டுவிட்டு வந்தால், மீதிப் பொழுது முழுக்க அவனுக்குச் சும்மாதான் இருந்தது. சும்மா இருக்கிறவன் தெருவை வகை பிரிக்க ஆரம்பித்தான். இஸ்திரி போடுகிறவர் சுய உழைப்பாளி. ஆட்டோ ஓட்டுகிற கோபாலகிருஷ்ணன் எந்த வர்க்கம் என்பது ஆட்டோ சொந்தமா வாடகையா என்று தெரிந்த பிறகுதான் சொல்ல முடியும். ஒரு காலத்தில் அரைக்காணி நிலம் வைத்திருந்த காந்திமதியின் அம்மா, நிலப்பிரபுத்துவத்தின் மிச்சம். கண்ணில் பட்டவர்களையெல்லாம் பிரித்து முடித்துவிட்டு, கடைசியில் சோறு போடுகிறவளிடம் வந்து நின்றான்.

நாகம்மா வடக்குத்துக்காரி. முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்கிப் பிழைத்துக்கொண்டிருந்தாள். 'தானே' புயல் ஒரே ராத்திரியில் தோப்புகளைப் படுக்கப் போட்டுவிட்டது. புதுக் கன்று வைத்து அது காய்க்கிற வரைக்கும் பொறுக்குவதற்கு என்ன இருக்கிறது? புருஷன் திருப்பூர் பக்கம் போனான். இவள் மந்தாரக்குப்பத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் ஓர் அறையைப் பிடித்து, ஒரு நாள் காலையில் காந்திமதியின் வண்டி முன்னால் வந்து நின்று, எதனா வேலை கிடைக்குமா அக்கா என்று கேட்டாள். காந்திமதியைவிட நாலைந்து வயசு மூத்தவள். ஆனால் அக்கா என்று கூப்பிட்டது அவள்தான். நாகம்மா என்று பேர் சொன்னது இவள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முதல் நாளே அப்படி அமைந்துவிட்டது.

அதற்குச் சற்று முன்னால்தான் காந்திமதி மழையில் வழுக்கி விழுந்து வலது தோளைக் கெடுத்துக்கொண்டிருந்தாள். மாவு ஆட்டலாம், மாவுக் குண்டானைத் தூக்க முடியாது. இட்லி ஊற்றலாம், கொப்பரையை இறக்க முடியாது. நாகம்மா இல்லாவிட்டால் வண்டி இல்லை. ஸ்ட்ரைக் தொடங்கிய பிறகு வண்டி இல்லாவிட்டால் வீட்டில் உலை இல்லை. இது ராமலிங்கத்துக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் வர்க்கம் பேசினான்.

"புயலு முந்திரியச் சாய்ச்சதுனாலதான் ஒனக்கு ஆளு சல்லிசா கெடச்சுது," என்று படுக்கும்போதும் ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் படுத்தான். "வேலையில்லாத பட்டாளம்னு அதுக்கும் ஒரு பேரு இருக்குது."

"எல்லாத்துக்கும் பேரு வச்சிகினு வாங்க. தேங்கா துருவறதுக்கு ஒரு ஆளையும் காணோம்," என்று சொல்லிவிட்டு அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கேட்டதை அங்கேயே விட்டுவிட்டதாகத்தான் நினைத்தாள். மறுநாள் காலையில் சங்கு ஊதியது. பர்மனன்ட் ஆட்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்ததால் சங்குக்கு ஸ்ட்ரைக் இல்லை. தினம் கேட்கிற சங்குதான். அதைக் கேட்டுத்தான் அவள் பொங்கலுக்கு இரண்டாவது உலை வைப்பாள். அன்றைக்குச் சங்கு ஊதி முடிந்தபோது நாகம்மா ஒரு வடையைத் தட்டி எண்ணெயில் விட்டாள். இது எனக்குச் சும்மா வருகிற வடை என்று காந்திமதிக்குள் ஒரு குரல் சொன்னது. அடுத்த வடையும் விழுந்தது. இதுவும். நாகம்மா நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு மூன்றாவதைத் தட்டினாள். காந்திமதிக்குப் புருஷன்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. வடையை வடையாகப் பார்க்க விடாமல் செய்துவிட்டானே பாவி.

"நீ செத்த ஒக்காரு நாகம்மா. நான் பாத்துக்கறன்," என்று கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

நாகம்மா உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் பேர் கூப்பிடுவதற்குக் காத்திருக்கிறவள் போல, பாதிப் பிட்டம் ஸ்டூலிலும் பாதி வெளியிலுமாக உட்கார்ந்தாள். சாப்பிட்டுவிட்டு யாரோ தட்டை வைத்ததும் பாய்ந்து எழுந்து தட்டை எடுத்தாள். காந்திமதி அந்தத் தட்டையும் வாங்கிக்கொண்டாள். மறுநாளும் அப்படியே. சங்கு ஊதுகிற வரைக்கும் இரண்டு பேரும் பேசிச் சிரித்துக்கொண்டு வேலை பார்ப்பார்கள். ஊதினதும் காந்திமதிக்கு முகம் மாறும். நாகம்மா கையிலிருப்பதைப் பிடுங்குவாள். குண்டானைத் தூக்கித் தோள் வலியில் பல்லைக் கடிப்பாள். வாடிக்கைக்காரர்களுக்கு இரண்டு பெண்களும் ஏதோ சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருக்கிற மாதிரி தெரிந்தது.

நாகம்மாவுக்கு வேறு மாதிரி தெரிந்தது. அவள் இன்னும் சீக்கிரமாக வர ஆரம்பித்தாள். காந்திமதி வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவதற்குள் இடத்தைக் கூட்டித் தண்ணீர் தெளித்து வைத்திருந்தாள். வருஷக்கணக்காகக் கரி பிடித்துக் கிடந்த கொப்பரை அடியைச் செங்கல் தூள் போட்டுத் தேய்த்ததில், அது வெள்ளிப் பாத்திரம் போல மின்னியது. யார் தேய்க்கச் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. காந்திமதி அந்தக் கொப்பரையைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். உபரியைக் குறைக்கலாம் என்று பார்த்தால் அது சங்குக்கு இரண்டு பக்கமும் வளர்கிறதே.

ஒரு நாள் கடை கலைந்த பிறகு, பாத்திரங்களை வண்டியில் அடுக்கும்போது நாகம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, நான் எதனா தப்புப் பண்ணிட்டனா?"

"இல்லியே. ஏன்?"

"வேலைய புடுங்கிப் புடுங்கி நீங்களே செய்யறீங்க. ஸ்ட்ரைக்கு நேரம், யாவாரமும் கம்மி. ஆளு வாணாம்னா சொல்லிடுங்க அக்கா. மனசுல வச்சிகினு இருக்காதீங்க."

காந்திமதி கையிலிருந்த தட்டை வண்டியில் வைத்தாள். என்ன சொல்வது? சங்குக்கு அப்பால் நீ செய்கிறதெல்லாம் எனக்குச் சும்மா வருதாம், அது எனக்கு உறுத்துது என்றா? உறுத்துனா குடுத்துடுங்களேன் என்று அவள் திருப்பிக் கேட்டால்? கேட்க மாட்டாள். கேட்க மாட்டாள் என்று தெரிந்திருந்ததுதான் கூடுதலாக உறுத்தியது.

"ஒண்ணுமில்ல. நீ போயி தண்ணி எடுத்தா," என்றாள். குரல் அவளையறியாமல் கடுகடுவென்று வந்தது. நாகம்மா குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். அந்த முதுகைப் பார்த்தாலே தெரிந்தது, அவள் கேட்டதற்கு அவளாகவே ஒரு பதிலை எடுத்துக்கொண்டாள் என்று.

காந்திமதி ஒன்றும் கல் மனசுக்காரி இல்லை. அன்று மத்தியானம் படுத்துக்கொண்டு யோசித்தாள். கடையை இரண்டு பேருமாகச் சேர்ந்து நடத்துவது என்று வைத்துக்கொண்டால் என்ன? வருவதைச் சமமாகப் பிரித்துக்கொள்வது. அக்கா தங்கச்சி இரண்டு பேர் நடத்துகிற கடை என்று ஊர் நினைத்துக்கொண்டு போகட்டும். நினைக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. தோள் வலிகூடக் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. பிறகு மகள் அபி நினைவுக்கு வந்தாள். பன்னிரண்டாவது எழுதியிருக்கிறாள், கல்லூரிக்கு அனுப்ப வேண்டும். சமமாகப் பிரித்தால் கல்லூரி எங்கே? ஸ்ட்ரைக் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று நினைத்தாள். நினைத்த உடனே தூக்கிவாரிப் போட்டது. நிலைமை சீராகட்டும், பிறகு பார்க்கலாம் என்றுதான் ராமலிங்கத்தின் கான்ட்ராக்டரும் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அந்த ஆளை இவளும் சேர்ந்துதான் திட்டியிருக்கிறாள்.

அதற்கப்புறம் அவளுக்கு மத்தியானத் தூக்கமும் போயிற்று.

இந்த வழக்கை யாராவது பெரிய மனிதர் தீர்த்து வைத்தால் தேவலை என்று இருந்த சமயத்தில் சிவப்பிரகாசமே ஒரு நாள் கடைக்கு வந்தார். பர்மனன்ட் ஆள். ஷிப்ட் முடிந்து, பைக்கை ஓரம் கட்டிவிட்டு, சட்டையில் கறுப்பு பேட்ஜோடு பொங்கல் கேட்டார். நல்ல மனிதர், அதில் சந்தேகமில்லை. ஸ்ட்ரைக் பந்தலுக்குத் தினம் வந்து உட்கார்ந்து எழுந்து போகிறவர். காந்திமதி பொங்கலை வைத்துவிட்டு நேராகக் கேட்டாள்: தன்னிடம் வேலை செய்கிறவளைத் தான் சுரண்டுவதாக இவர் வகுப்பில் சொன்னாரா இல்லையா?

சிவப்பிரகாசம், தன்னைக் கண்டதும் ஓடி வந்து பக்கத்தில் நின்றிருந்த ராமலிங்கத்தைப் பார்த்தார். வகுப்பில் சொன்னது ஆலை முதலாளியைப் பற்றி, அதைக் கொண்டுபோய் இட்லிக் கடையில் வைத்தது இவன் என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. ஆனாலும் பாடத்தை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசில்லை.

"தங்கச்சி, உங்கள யாரும் குத்தம் சொல்லல. இது தனி மனுஷங்க தப்பு இல்ல. அமைப்போட தப்பு," என்றார்.

காந்திமதிக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இறங்கி முடிவதற்குள் அவர் சட்னியைத் தொட்டுக்கொண்டு மேலே சொன்னார்: "ஆனா அமைப்பு வானத்துல இல்ல பாருங்க. நம்ம மூலமாத்தான் அது வேலை செய்யுது."

"நம்ம மூலமான்னா? நீங்களுமா தோழரே?"

"எல்லாரும்தான்."

"நீங்க வேலைக்குப் போய்கினுதான இருக்கறீங்க?"

"போறோம். கறுப்பு பேட்ஜ் குத்திக்கிட்டுப் போறோம். கான்ட்ராக்ட் தோழர்களுக்கு எங்க ஆதரவ அப்படித் தெரிவிக்கிறோம்."

"அப்ப எனக்கும் அந்த பேட்ஜுல ஒண்ணு குடுங்க. குத்திகினு நானும் கடைய நடத்தறன்."

பெஞ்சில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். சிவப்பிரகாசத்துக்கும் சிரிப்பு வந்து பொங்கல் புரையேறியது. நாகம்மா ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள். ராமலிங்கம் மட்டும் சிரிக்கவில்லை. தோழரிடம் இப்படியா பேசுவது என்று வீட்டுக்கு வந்தபின் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். அந்த இரண்டு நாளும் வீடு அமைதியாக இருந்தது.

ஸ்ட்ரைக் இழுத்துக்கொண்டே போனது. வெயில் ஏற ஏறப் பந்தலில் கூட்டம் குறைந்தது. வீடுகளில் அரிசி தீர்ந்துகொண்டிருந்தது. சிலர் ரகசியமாக மேஸ்திரியிடம் போய் வேலைக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்ததாகப் பேச்சு அடிபட்டது. ஆட்களைச் சேர்த்து நிறுத்த வேண்டும், ஊர் பார்க்கவும் வேண்டும் என்று சங்கம் கூடிப் பேசி, பஸ் ஸ்டாண்டு எதிரில் கஞ்சித் தொட்டி திறப்பது என்று முடிவு செய்தது. ஸ்ட்ரைக்கில் இருக்கிறவர்களும் பிள்ளைகுட்டிகளும் வரிசையாக உட்கார்ந்து நடுரோட்டோரம் கஞ்சி குடிப்பது. அரிசி நன்கொடையாக வந்தது. அண்டாவுக்கும் கஞ்சி காய்ச்சுகிறதற்கும் என்ன வழி என்று கூட்டத்தில் கேட்டார்கள். ராமலிங்கம் எழுந்து நின்றான். அண்டா எங்க வூட்டுல இருக்குது, காய்ச்சறதுக்கு ஆளும் இருக்குது என்றான். எல்லோரும் கை தட்டினார்கள்.

கை தட்டினது காந்திமதிக்குக் கேட்கவில்லை. மறுநாள் காலையில், வண்டியைச் சுற்றி ஆட்கள் தட்டை நீட்டிக்கொண்டு நிற்கிற நேரத்தில், மீன்பாடி வண்டியில் இரண்டு மூட்டை அரிசி வந்து எதிர் ஓரத்தில் இறங்கியபோதுதான் அவளுக்கு விஷயமே தெரிந்தது. ராமலிங்கத்தின் கூட்டாளி துரைராஜ் கல் கூட்டி அடுப்பு வைத்துக்கொண்டிருந்தான். ராமலிங்கம் சாலையைத் தாண்டி வந்து, வண்டிக்கு அடியிலிருந்த பெரிய அண்டாவை இழுத்தான்.

"நாகம்மா, கையில இருக்கறத வச்சிட்டு அந்தாண்ட வா. நெறைய பேருக்கு ஒலை வைக்கணும்," என்றான்.

நாகம்மா வடைக் கரண்டியோடு அப்படியே நின்றாள். ஒரு கண் அவன் மேல், ஒரு கண் காந்திமதி மேல்.

"யாரக் கேட்டு வரச் சொல்ற?" என்றாள் காந்திமதி.

"போராட்டத்துக்கு யாரடி கேக்கணும்?"

"இதக் கேட்டியா?" என்று நாகம்மாவைக் காட்டினாள்.

"அதுவும் பாட்டாளிதான. அதுக்குத் தெரியாதா இது யாருக்குன்னு? ஒரு நாளு வந்து நின்னா கொறஞ்சா போயிடும்?"

"கூலி யாரு குடுக்கறது?"

"போராட்டத்துக்குக் கூலி கேக்கற மொத ஆளு நீதான்டி."

"ஓகோ. நான் கூலி குடுத்து வேல வாங்குனா சுரண்டலு. நீ சும்மா கூட்டிகினு போனா போராட்டமா?"

தட்டு ஏந்தி நின்றவர்களில் ஒருவர் 'அப்படிப் போடு' என்றார். இன்னொருவர் சிரித்தார். எதிர் ஓரத்தில் துரைராஜ் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் பார்த்தான். கூட்டாளிகள் முன்னால் தலை குனிய நேர்ந்ததும் ராமலிங்கத்துக்குக் காது சிவந்தது. படித்ததெல்லாம் அப்போது அவனுக்கு நாக்கில் வரவில்லை. வீட்டில் பேசுகிற பேச்சுதான் வந்தது.

"ஏன், இன்னிக்கி ஒரு நாளு ஒன் லாபம் கொறஞ்சிடும்னு வயிறு எரியுதா? எத்தினி பேரு வூட்டுல அடுப்பு எரியல தெரியுமா? மொதலாளி புத்தி எங்க போகும்?"

இத்தனை நாள் அவன் தின்ற சோறு, அவன் சைக்கிள் டயருக்குக் காற்று, சட்டைப்பையில் பந்தலுக்கு டீ வாங்கிக் கொடுக்க எடுத்துக்கொண்டு போன சில்லறை, எல்லாம் இந்த வண்டியிலிருந்து போனது. காந்திமதி அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஆட்கள் அவள் பக்கம் பேசியிருப்பார்கள். ஆனால் வாரக்கணக்காக மனசுக்குள் சங்கு ஊதி ஊதிக் காது அடைத்துப்போயிருந்தது அவளுக்கு. பேசாமல் கிடந்த வடையைப் பேச வைத்தார்கள், தூக்கத்தைக் கெடுத்தார்கள், கெட்ட தோளை இன்னும் கெடுத்துக்கொள்ள வைத்தார்கள், இப்போது நடுரோட்டில் வைத்து முதலாளி என்கிறார்கள். அண்டாவைக் காலால் தள்ளினாள். அது உருண்டு போய் ராமலிங்கத்தின் முழங்காலில் இடித்தது.

"எடுத்துகினு போ. அண்டாவ எடுத்துக்க. கொப்பரைய எடுத்துக்க. கரண்டிய எடுத்துக்க. அடுப்ப எடுத்துக்க. தோ நாகம்மாவையும் எடுத்துகினு போ. எனக்கு எதுவும் வாணாம். எல்லாத்தையும் பொதுவுல வச்சிக்குங்க. போ."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள்.

சொல்லி முடித்த பிறகுதான் அவள் சொன்னது அவளுக்கே கேட்டது. அண்டா, கொப்பரை, கரண்டி, அடுப்பு, நாகம்மா. ஒரே மூச்சில், ஒரே வரிசையில். ராமலிங்கம் இத்தனை நாள் ஒப்பித்த எந்தப் பாடமும் செய்யாததை அந்த ஒரு வரிசை செய்தது. அவள் திரும்பி நாகம்மாவைப் பார்த்தாள்.

நாகம்மா அதிர்ந்து போன மாதிரியே தெரியவில்லை. இந்தச் சொல் என்றைக்கு வரும் என்று காத்திருந்து, வந்துவிட்டதா, சரி என்று எடுத்துக்கொண்டவள் முகம் அது. எண்ணெயில் வெந்துகொண்டிருந்த வடைகளை ஒவ்வொன்றாக எடுத்து வடிதட்டில் போட்டாள். அடுப்பைத் தணித்தாள். கரண்டியைத் துடைத்துக் கொப்பரை மேல் குறுக்காக வைத்தாள்.

"நாகம்மா, நான் அப்படி நெனச்சி சொல்லல. ஒன்ன அப்படிச் சொல்லுவனா? இரு," என்றாள் காந்திமதி. கிட்டே போய்க் கையைப் பிடிக்கலாமா என்று நினைத்தாள். நாகம்மாவின் கை மாவாக இருந்தது. அவள் குனிந்து வாளித் தண்ணீரில் அதைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

ராமலிங்கம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே முன்னால் வந்தான். அவனுக்கு அதற்குள் பாடம் திரும்பவும் நினைவுக்கு வந்துவிட்டது. "பாத்தியா, இப்பதான் உண்மை வெளிய வந்துது. வா தோழர், இனிமே நீ யாருக்கும் ஆளு இல்ல. நம்ம ஜனங்களுக்கு நீயே ஒலை வையி," என்று சாலைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினான். அடுப்பு கூட்டி முடிந்திருந்தது. துரைராஜ் மூட்டையை அவிழ்த்துவிட்டு அண்டாவுக்காகக் காத்திருந்தான்.

நாகம்மா முந்தானையில் கையைத் துடைத்தாள். வண்டியின் கைப்பிடியில் மாட்டியிருந்த தன் துணிப்பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். தட்டோடு நின்றவர்கள் விலகி வழி விட்டார்கள். காந்திமதி மறுபடியும் கூப்பிட்டாள். இந்தத் தடவை பேரைச் சொல்லவில்லை, அக்கா என்று கூப்பிட்டாள். நாகம்மா சாலையில் இறங்கினாள். கஞ்சித் தொட்டிப் பக்கமாகத்தான் போகிறாள் என்று நினைத்து ராமலிங்கம் அண்டாவைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தான். அவள் கல் அடுப்பையும் அரிசி மூட்டையையும் தாண்டி, வந்து நின்ற விருத்தாசலம் பஸ்ஸின் பின்பக்கமாகச் சுற்றி, தன் அறை இருக்கும் தெருவுக்குள் திரும்பினாள்.